ஊர் திரும்பும் முன் ஒரு .22 ரிவால்வர்: எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். உங்களுக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, இப்போது டாலஸ் பக்கம் வேலை, கையில் கிரீன் கார்டு இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் காகித இலக்கையும் தகர டப்பாவையும் சுட நல்ல தரமான .22 ரிவால்வர், அதாவது 0.22 அங்குலக் குண்டு போடுகிறது, ஒன்று வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்கிறீர்கள். ரூகர் கம்பெனியா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: இரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுவதாக இருக்கிறேன், அப்போது அதைக் கொண்டுவந்து அப்பச்சியின் தோப்பில் சுடலாமா? அந்தக் கடைசி வரிக்கான பதில்தான் நீங்கள் வாங்கப்போவதைத் தீர்மானிக்கும் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

நான் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் அருகே ஒரு பட்டறையில் பத்தொன்பது வருஷம் டூல் அண்ட் டை வேலை பார்த்தேன். அங்கேயே ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினர், பிற்பாடு பாதுகாப்பு அலுவலர். ரிவால்வரின் இரும்பைப் பற்றி நான் சொல்வது கையில் அளவுகோல் வைத்துப் பார்த்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த மாடல் பிடிக்கும், பிடிக்காது என்பதெல்லாம் என் ருசி. சட்ட விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. காரைக்குடிக்குத் திரும்பிய பிறகு விதிகளைப் படித்தும், சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்வேன். விதிகள் மாறக்கூடியவை, பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலில் தோட்டா. .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற தோட்டா 1887-இல் வந்தது. இது ரிம்ஃபயர் வகை. பெரிய தோட்டாக்களுக்குப் பின்புறம் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். இதற்கு அது கிடையாது. தீப்பற்றும் மருந்து, பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் சுற்றிலும் அடைத்திருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. விளிம்பை நசுக்க நல்ல அடி வேண்டும் என்பதால், சுத்தியின் ஸ்பிரிங் கனமாக இருக்கும். அதனால் டபுள் ஆக்‌ஷனில், அதாவது ட்ரிக்கரை முழுதாக இழுத்துச் சுடும்போது,.22 ரிவால்வர் எதுவுமே கொஞ்சம் கனமாகத்தான் இழுக்கும். ஐந்து கிலோ, அதற்கு மேலும் சகஜம். "ஸ்பிரிங்கை மாற்றினால் வெண்ணெய் போல ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இழுப்பு லேசாகும், கூடவே பத்துக்கு ஒன்று வெடிக்காமல் போகும். இரண்டாவது, விளிம்பின் எல்லா இடத்திலும் மருந்து ஒரே சீராகப் பரவியிருக்காது. மலிவான தோட்டாவில் அங்கங்கே விட்டுப்போகும். அதனால் நல்ல துப்பாக்கியிலும் அவ்வப்போது ஒன்று 'டிக்' என்று நின்றுவிடும். அப்போது குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிஷம் பொறுத்திருந்து, பிறகு திறக்க வேண்டும்.

சரி, ரிவால்வருக்கு வருவோம். பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறை ஒன்றே ஒன்றுதான். அது குழலோடு ஒட்டியே இருக்கும். ரிவால்வரில் சிலிண்டர் என்ற உருளைக்குள் ஆறோ எட்டோ பத்தோ அறைகள். ஒவ்வொன்றும் சுழன்று வந்து குழலுக்கு நேரே நிற்க வேண்டும். குண்டு அறையிலிருந்து கிளம்பி, ஒரு மெல்லிய இடைவெளியைத் தாண்டி, குழலுக்குள் நுழைகிறது. அறை ஒரு மயிரிழை விலகி நின்றாலும் ஈயம் ஒரு பக்கம் சீவப்பட்டுத்தான் உள்ளே போகும். .22 குண்டின் எடை 2.6 கிராம்தான், அதுவும் மெத்தென்ற ஈயம். கொஞ்சம் சீவப்பட்டாலே போகிற திசை மாறும். ஆகவே நல்ல ரிவால்வருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகப்படிக் காசு முழுக்க, பத்து அறையும் ஒன்றுபோல் குழலுக்கு நேரே வந்து நிற்பதற்குத்தான். நம் வீட்டுப் பழைய பெட்டகத்தில் சாவி உள்ளே போய்த் திரும்பிக் கடைசியில் ஒரு 'டக்' கேட்குமே, அப்படி ஒவ்வொரு அறையும் உட்கார வேண்டும். மேலே பளபளப்பு, மரப்பிடி, பொறித்த பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். அங்கே போன புதிதில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் பழைய டபுள் ஆக்‌ஷன் .22 ஒன்றைப் பார்த்தேன். நீலம் பாய்ந்த இரும்பு, கீறல் இல்லை, விலையும் குறைவு. குழலுக்குள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை சுடும்போது, பக்கத்துத் தடத்தில் நின்ற நண்பர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சீவப்பட்ட ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறித்து அவர் கன்னத்தில் இரண்டு இடத்தில் பதிந்திருந்தன. ஒன்று அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுச் சின்ன வெள்ளைப் புள்ளியாக நின்றது. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அது கண்ணுக்குள் போயிருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். ஆறு அறையில் இரண்டு, சுத்தி முழுதாகப் பின்னால் வந்த பிறகும் பூட்டு விழாமல் நின்றன. யாரோ வருஷக்கணக்கில் சினிமாப் பாணியில் சிலிண்டரை விசிறி விசிறி மூடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் கண்ணால் பார்த்து ரிவால்வர் வாங்கியதில்லை, கையால்தான் பார்ப்பேன்.

கையால் பார்ப்பது எப்படி என்பதைக் கடையில் நீங்களே செய்யலாம். அனுமதி கேளுங்கள், சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று நீங்களும் கடைக்காரரும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடி, இடது கைக் கட்டைவிரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துப் பிடித்தபடி, சுத்தியை மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தி முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொண்டுவிட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் கீழே வைத்துவிடுங்கள். சுத்தி நின்ற நிலையில் அதைக் கட்டைவிரலால் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆபத்து. அப்புறம் சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைவு இருக்கலாம், 'லொடலொட' என்றால் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தகட்டு அளவியால் பார்த்தால் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. 0.20-ஐத் தாண்டியதை நான் வாங்க மாட்டேன். அந்த இடைவெளிக்கு முன்னால் விரலை வைக்கவே கூடாது, அது எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் சரி.

பழைய .22-க்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. சிலிண்டரைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு அறையின் வாய் ஓரத்தையும் பாருங்கள். ஊசி அடித்த சின்னப் பள்ளம் தெரிந்தால், தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடு ஊசித் துப்பாக்கியில் ஊசி காற்றில் அடிக்கும். ரிம்ஃபயரில் அது அறையின் உதட்டிலேயே போய் இடிக்கும் வாய்ப்பு உண்டு. உதடு மடிந்தால் தோட்டா உள்ளே சரியாக உட்காராது. இன்றைய மாடல்கள் பலவற்றில் ஊசி அந்த அளவுக்கு நீளாதபடி செய்திருக்கிறார்கள். இருந்தாலும் கையேட்டில் அனுமதித்திருந்தால் ஒழிய, போலித் தோட்டா போட்டுத்தான் வெறும் விசை பழக வேண்டும்.

இப்போது மாடல்கள். உங்கள் தேவைக்கு, அதாவது இலக்கும் டப்பாவும் இரண்டுமே, பலகாலமாக அளவுகோலாக இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22 வம்சம். முதலாவது 1931-இல் வந்தது. உலகப் போருக்குப் பிறகு மாஸ்டர்பீஸ் என்ற பெயரில் வந்ததற்கு 1957-இல் மாடல் 17 என்று எண் கொடுத்தார்கள். அதன் துருப்பிடிக்காத இரும்பு வாரிசுதான் 617. இப்போது வருவதில் பத்து அறை. ஆறு அங்குலக் குழல் என்றால் ஏறக்குறைய 1.25 கிலோ, நான்கு அங்குலம் என்றால் 1.1 கிலோ. முதலில் பிடிக்கும்போது கை சலிக்கும். ஆனால் அந்தக் கனம்தான் முன் குறியை, அதாவது குறிபார்க்கக் குழல் முனையில் வைத்திருக்கும் முள்ளை, ஆடாமல் வைக்கிறது. சிங்கிள் ஆக்‌ஷனில், சுத்தியை இழுத்து வைத்துவிட்டுச் சுடும்போது, விசை ஒன்றரைக் கிலோவுக்குள் கண்ணாடிச் சில்லு உடைவதுபோல் விடும். என்னிடம் இருந்தது 1960-களின் மாடல் 17. மணல் மூட்டையில் கையை ஊன்றி 25 கெஜத்தில் சுட்டால், பிடித்த தோட்டாவில் ஆறும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழும். இந்த வகையை நான் உங்களுக்கு முதலில் சொல்கிறேன். இதில் நான் தயங்கவில்லை.

ரூகரில் இரண்டு வேறு ஜாதி இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிபி100 பத்து அறை .22 என்பது 617-க்கு நேர்ப் போட்டி. கட்டுமானம் முரட்டுத்தனமாக உறுதி. விசை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த உடனே 617 அளவுக்கு வழுவழுப்பாக இருக்காது என்பது என் கையின் கருத்து. அதை ஏற்காதவர்கள் எங்கள் கிளப்பிலேயே இருந்தார்கள். இன்னொன்று சிங்கிள்-சிக்ஸ். 1953-இலிருந்து வருகிறது, கௌபாய் வகை, ஒவ்வொரு தோட்டாவாகப் பக்கவாட்டுக் கதவு வழியே போட்டு, ஒவ்வொரு கூடாகக் குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுக்க வேண்டும். அவசரக்காரருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் டப்பா சுடுவதற்கும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் இதைவிட நிதானமான ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பழையது வாங்கினால் ஒன்று கவனியுங்கள். 1973-க்கு முந்தைய வடிவத்தில் சுத்தி நேராக ஊசிமேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதில் ஆறு அறையில் ஐந்தை மட்டுமே நிரப்பி, காலி அறைமேல் சுத்தியை வைக்க வேண்டும். நிறுவனமே இலவசமாகப் பாதுகாப்பு மாற்றம் செய்து தருகிறது.

சிங்கிள்-சிக்ஸ் பெரும்பாலும் இரண்டு சிலிண்டரோடு வரும், ஒன்று.22 எல்.ஆர்., மற்றது .22 மேக்னம். பார்க்க லாபம் போலிருக்கும். மேக்னம் குண்டு ஒரு மயிரிழை பெரியது, அதனால் இரண்டுக்கும் பொதுவாகச் செய்த குழல் எதற்குமே கச்சிதமாக இருக்காது. டப்பாவுக்குப் பரவாயில்லை, காகித இலக்குக்கு நான் அதைத் தேட மாட்டேன். மேக்னம் சிலிண்டரில் எல்.ஆர். தோட்டாவை மட்டும் போடவே கூடாது. கூடு உள்ளே தளர்வாக இருந்து, பிளந்து, பின்னால் முகத்துக்கு வாயு அடிக்கும்.

ரூகர் 2019-இல் கொண்டுவந்த ரேங்க்லரும், ஹெரிடேஜ் கம்பெனியின் ரஃப் ரைடரும் மலிவு வகை. ரேங்க்லர் வந்தபோது பட்டியல் விலை 249 டாலர்தான். காசுக்கு ஏமாற்றம் இல்லை. ஆனால் அவற்றின் சாதாரண வடிவத்தில் பின் குறி நகராது. குண்டு மூன்று விரல் இடப்பக்கம் விழுந்தால் விழுந்ததுதான். நீங்கள் தள்ளிக் குறிவைத்தே காலம் ஓட்ட வேண்டும். இலக்கு என்ற சொல்லை உங்கள் கேள்வியில் எழுதியிருப்பதால் இவற்றை விலக்குகிறேன். குழல் நான்கு முதல் ஆறு அங்குலம், நகர்த்தக்கூடிய பின் குறி, கூரான கறுப்பு முன் குறி, இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று இரண்டு அங்குலக் குழலை வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் விற்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

போட்டிகளில் இறங்கும் எண்ணம் இருந்தால் அப்போது என் பதிலே வேறு. விஜய்குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் நான்கு விநாடியில் ஐந்து குண்டு சுட வேண்டும். அங்கே எல்லோரும் அரைத் தானியங்கி .22 பிஸ்டல்தான். ரிவால்வர் அந்த ஓட்டத்துக்குச் செய்ததல்ல. உங்கள் கடிதத்தில் போட்டி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அமைதியாகச் சுட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதனால் ரிவால்வர் சரிதான்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று. அறைகளுக்கு மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். ஒரே அறையில் ஐந்து முறை, ஒரே காகிதத்தில். அடுத்த அறைக்கு அடுத்த காகிதம். பத்துக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் துப்பாக்கியின் குணம் தெரிந்துவிடும். என்னுடையதில் நான்காம் எண் மட்டும் எப்போதும் ஒரு விரற்கடை கீழே போடும். அது தெரிந்த பிறகு கிளப் பந்தயத்தில் ஐந்து குண்டுச் சுற்றுகளில் நான்காம் அறையைக் காலியாக விட்டுவிடுவேன். தோட்டாவையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் குறைந்த, விநாடிக்கு 325 மீட்டர் அளவில் போகும் ஸ்டாண்டர்ட் வகையில் நாலைந்து பெயரில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பாருங்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிக்கே வேறு வேறு தோட்டா பிடிக்கும். ஏன் என்று கேட்டால் என் விளக்கம் யூகம்தான், ஆனால் பிடிப்பது நிஜம்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். .22 அழுக்குத் தோட்டா. ஐம்பது, அறுபது சுட்டதும் கரியும் மெழுகும் சேர்ந்து, கூட்டைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் படியும். தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் சுழல முரண்டு பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது, பிள்ளைகளைத் தொடக்கூடாது. குண்டும் ஈயம், விளிம்பு மருந்திலும் ஈயம். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் வேண்டும். சின்னச் சத்தம்தானே என்று .22-ஐ வெறுங்காதோடு சுட்ட என் வயதுக்காரர்களுக்கு இன்று இரைச்சல் தவிர வேறு கேட்பதில்லை.

உங்களைப் போலவே கேட்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. உங்களிடம் கிரீன் கார்டு இருப்பதால் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாகக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. நண்பர் வாங்கித் தருகிறார் என்று போனால் இருவருக்குமே குற்றம்.

இனி உங்கள் கடைசி வரி. கொண்டுவர முடியுமா என்றால், வழி இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலானது. நம் நாட்டில் பயணச் சாமானோடு துப்பாக்கி கொண்டுவரத் தடை. குடியிருப்பை இந்தியாவுக்கே மாற்றிக்கொண்டு வருகிறவருக்கு மட்டும், அனுமதிக்கப்பட்ட போர் (குழலின் உள்விட்டம்) அளவில் ஒரே ஒரு துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. அது வெளிநாட்டில் குறைந்தது ஓர் ஆண்டு உங்கள் கையிலும் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் செல்லும் ஆயுத உரிமம் கையில் இருக்க வேண்டும். சுங்கம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் ஆயுள் வரைக்கும் அதை விற்கவோ, கைமாற்றவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. தோட்டா ஐம்பதுக்கு மேல் கூடாது. அந்தப் பக்கம் அமெரிக்க ஏற்றுமதி அனுமதி, நடுவில் விமான நிறுவனத்தின் முன் அனுமதி. உரிமத்துக்கு விண்ணப்பம் சிவகங்கை கலெக்டரிடம். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. "எதற்கு" என்று கேட்பார்கள். தோப்பில் டப்பா சுட என்பது அவர்கள் ஏற்கும் காரணம் அல்ல. விளையாட்டுக்கு என்றால் துப்பாக்கி சங்க உறுப்பினராகி, அதன் தளத்தில் சுட வேண்டும்.

உரிமம் கிடைத்தாலும் தோப்பில் சுடாதீர்கள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. .22 குண்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். டெக்சாஸில் எங்கள் தளத்தில் மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண்மேடு. நம் பூமியோ சமதளம், செம்புறாங்கல் தரை. அதில் சாய்வாகப் பட்ட ஈயம் உள்ளே இறங்காது, எகிறும். கண்மாய்த் தண்ணீரில் பட்டாலும் தவளைக்கல் எறிந்ததுபோல் எகிறும். கண்மாய்க் கரை மண்மேடுதானே என்று தோன்றலாம். கரைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் எந்த நேரத்தில் மேலே ஏறுவார் என்று யாருக்கும் தெரியாது. சீமைக்கருவேலங்காட்டுக்குள் விறகு வெட்டுகிறவர் நம் கண்ணுக்குத் தெரிய மாட்டார். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில், முறையான பயிற்சித் தளத்திலிருந்தே தப்பிய ஒரு குண்டு, சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் இறந்துபோனான். அது ரிவால்வர் இல்லை, பெரிய துப்பாக்கிதான். ஆனால் அந்த ஊருக்கும் நம் தோப்புக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று: திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கே வெடி போடாமல் இருக்கிறார்கள். அந்தப் பறவைகள் வேட்டங்குடிக் கண்மாயோடு நிற்பதில்லை, உங்கள் தோப்புக்கும் வரும்.

வைத்திருப்பதும் ஒரு பாரம். நம் வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன, காவலுக்கு ஒருவர்தான். உரிமதாரர் ஊரில் இல்லாதபோது துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது நல்லதல்ல. உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதே பத்திரம். தேர்தல் வந்தாலும் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டால், இஷாப்பூர் தொழிற்சாலையின் நிடார் என்ற .22 ரிவால்வர் இருக்கிறது. 250 கிராம்தான் எடை, எட்டு அறை. தற்காப்புக்குப் பையில் வைக்கச் செய்தது; இலக்குக்கு வேண்டிய கனமும் குழல் நீளமும் அதில் கிடையாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? நல்ல நிலையில் இருக்கும் பழைய மாடல் 17 அல்லது புதிய 617 ஒன்றை இப்போதே வாங்குவேன். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் சுடுவேன். நல்ல கே-22 விலை இறங்குவது அபூர்வம், கிளம்பும்போது விற்றால் பெரிய நஷ்டம் இராது. ஊருக்கு வந்ததும் சங்கத்தில் சேர்ந்து 25 மீட்டர் தளத்தில் தொடர்ந்து சுடப் போகிறேன் என்று மனசுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பித்து, கொண்டுவரும் வழியைப் பார்ப்பேன். பக்கத்திலேயே புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை ட்ராப், அதாவது பறக்கும் தட்டு, சுடப் போயிருக்கிறார். நம் பக்கத்தில் இந்த விளையாட்டுக்கு மரியாதை இருக்கிறது, ஆள்தான் குறைவு.

மற்றபடி வீட்டில் பழக ஒரு ஏர் பிஸ்டல் போதும். 4.5 மில்லிமீட்டர் போர், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். முன் குறியைப் பார்ப்பது, மூச்சை நிறுத்துவது, விசையைப் பிதுக்குவது எல்லாம் ரிவால்வரில் கற்றதேதான், ஒன்றும் வீணாகாது. அதற்குத் தேவையான பத்து மீட்டர் நீளம் நகரத்து அடுக்குமாடியில் கிடைக்காது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராக ஓடும் உங்கள் வீட்டில் தாராளமாகக் கிடைக்கும். சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து மட்டும் சுடாதீர்கள். அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே கைவேலைக்கு இன்று ஆள் தேட வேண்டும். பின்பக்கம் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டி ஒன்றைக் காரைக்குடிப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள், அளவு வேண்டுமானால் வரைந்து அனுப்புகிறேன். சுடுவதற்கு முன் இரண்டாம் கட்டின் பக்கக் கதவுகளை உள்ளே தாழ்போடுங்கள். மத்தியானத் தூக்கம் முடிந்து ஆயா அந்த வழியாகத்தான் கிணற்றடிக்குப் போவார்.